மாடியை முதலில் கட்டின வீடு: ஐ.பி. பாடத்திட்டம் மூன்று வயதிலிருந்து பதினெட்டு வரை

இந்த எபிசோடுக்குக் காரணம் என் அக்கா. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தேன். வழவழ பேப்பரில் அச்சடித்த ஒரு பிரௌஷரை என் மடியில் போட்டு, "டேய், எதை எதையோ ஆராய்ச்சி பண்ணி பாட்காஸ்ட்ல பேசுறியே, இதைப் படிச்சுட்டுச் சொல்லு. பாப்பாவை இங்க சேக்கலாமா, வேணாமா?" என்றாள்.

பாப்பாவுக்கு மூன்றரை வயசு. பிரௌஷர், ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கிற ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூலுடையது. ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டேன். அக்கா சொன்ன தொகை, நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்து முடிக்க எங்க வீட்டில் செலவான மொத்தப் பணத்தைவிட அதிகம். அது ஒரு வருஷத்துக்கு. எல்.கே.ஜி.க்கு.

சமையல்கட்டிலிருந்தே அம்மா கேட்டாங்க: "மூணரை வயசுப் புள்ளைக்கு அப்படி என்னடி சொல்லித் தருவாங்க?"

நியாயமான கேள்வி. பிரௌஷரில் அதற்குப் பதில் இல்லை. நான் படித்தது ஸ்டேட் போர்டு. எனக்குப் பாடத்திட்டம் என்றால் புத்தகம். ஒண்ணாம் கிளாஸ் புத்தகம் மெல்லிசாக இருக்கும், பன்னிரண்டாம் கிளாஸ் புத்தகம் தலையணை மாதிரி இருக்கும், நடுவில் நடக்கிறதுதான் கல்வி. இந்தப் பிரௌஷரில் புத்தகம் என்ற வார்த்தையே கிடையாது. 'இன்க்வயரி', 'ஏஜென்சி', 'லேர்னர் ப்ரொஃபைல்' என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. பிள்ளை எந்த வயசில் எதைப் படிக்கும், அது அடுத்த வருஷம் எங்கே போகும் என்பது மட்டும் இல்லை.

அதனால் உட்கார்ந்து படித்தேன். அக்காகூட அந்த ஸ்கூலுக்கே போய்ச் சுற்றிப் பார்த்தேன். எங்க டீமில் ஐ.பி. படித்து வந்த ஒருத்தி இருக்கிறாள், அவளை ரெண்டு நாள் காபி வாங்கிக் கொடுத்துக் குடைந்தேன். எனக்குப் புரிந்ததை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னத் தெளிவு. 'இன்டர்நேஷனல்' என்பது போர்டில் எழுதுகிற பெயர், அது பாடத்திட்டம் கிடையாது. நம்ம ஊரில் சி.பி.எஸ்.இ. நடத்துகிற ஸ்கூல்கூட பெயரில் இன்டர்நேஷனல் வைத்துக்கொள்ளும். பாடத்திட்டமே வெளிநாட்டு அமைப்புடையது என்றால் இங்கே பெரும்பாலும் ரெண்டு. ஒன்று கேம்பிரிட்ஜ். அதில் ப்ரைமரி, லோயர் செகண்டரி, ஐ.ஜி.சி.எஸ்.இ., ஏ லெவல் என்று படிகள் இருக்கும். பாடம் பாடமாகப் பிரிந்த அமைப்பு, நமக்குப் பழக்கமான மாதிரியே போகும். இன்னொன்று ஐ.பி., அதாவது இன்டர்நேஷனல் பாக்கலரியேட். அக்காவின் பிரௌஷர் ஐ.பி. என்பதால் இன்றைக்கு அது மட்டும்.

ஐ.பி.யில் வயசு வரிசையில் மூன்று கட்டங்கள். மூன்று வயசிலிருந்து பன்னிரண்டு வரை ப்ரைமரி இயர்ஸ் ப்ரோகிராம், சுருக்கமாக பி.ஒய்.பி. பதினொன்றிலிருந்து பதினாறு வரை மிடில் இயர்ஸ், எம்.ஒய்.பி. பதினாறிலிருந்து பத்தொன்பது வரை டிப்ளமா ப்ரோகிராம், டி.பி. நம்ம கணக்கில் சொன்னால் நர்சரியிலிருந்து அஞ்சாவது, ஆறிலிருந்து பத்தாவது, கடைசியாக ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ. தொழில்சார்ந்த ஒரு கிளையும் கடைசி ரெண்டு வருஷத்துக்கு உண்டு. 2012ல் வந்தது. அதை இன்றைக்குத் தொடப்போவதில்லை.

இந்த மூன்றையும் பிரௌஷரில் படிக்கட்டு மாதிரி வரைந்திருந்தார்கள். கீழே குட்டிப் பாப்பா, மேலே பட்டமளிப்புத் தொப்பி. பார்த்தால் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து கீழிருந்து மேலே திட்டம் போட்டு எழுதினது மாதிரி இருக்கும். உண்மையில் நடந்தது தலைகீழ். மாடியைத்தான் முதலில் கட்டினார்கள்.

1960களின் ஜெனீவா. ஐ.நா. அலுவலகங்கள், தூதரகங்கள் நிறைந்த ஊர். அப்பா அம்மாவுக்கு ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை வேறு நாட்டுக்கு மாற்றல் வரும். பிள்ளைகள் 1924ல் தொடங்கிய ஜெனீவா இன்டர்நேஷனல் ஸ்கூல் மாதிரி இடங்களில் படித்தார்கள். படிப்பு நன்றாகத்தான் போனது. சிக்கல் கடைசியில். பிரான்சில் காலேஜ் சேர ஒரு பரீட்சை, இங்கிலாந்துக்கு ஏ லெவல், அமெரிக்காவுக்கு வேறொன்று. ஒரே கிளாஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளை நாடுவாரியாகப் பிரித்து வெவ்வேறு பரீட்சைக்குத் தயார் பண்ண வேண்டியிருந்தது. எல்லா நாட்டு யுனிவர்சிட்டியும் ஒத்துக்கொள்கிற ஒரே பரீட்சை இருந்தால் என்ன என்று ஆசிரியர்கள் யோசித்தார்கள். அதுதான் ஐ.பி.யின் விதை. 1968ல் ஜெனீவாவில் அமைப்பாகப் பதிவானது. முதல் டைரக்டர் ஜெனரல் அலெக் பீட்டர்சன், பிரிட்டிஷ்காரர். பதினாறு வயசிலேயே மூணு பாடத்துக்குள் பிள்ளையை அடைக்கிற அவங்க ஊர் முறை மேல் அவருக்கு நெடுநாள் கோபம். டி.பி.யில் எல்லோரும் ஆறு பாடம் படிக்கணும் என்ற விதியில் அந்தக் கோபம் இன்னும் தெரிகிறது.

நமக்கும் இதில் பழைய தொடர்பு ஒன்று உண்டு. இந்தியாவில் முதன்முதலில் ஐ.பி. டிப்ளமா கொண்டுவந்தது கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1976ல். சென்னை, பெங்களூர் எல்லாம் அப்புறம்தான்.

ஆக, 1968ல் இருந்தது கடைசி ரெண்டு வருஷம் மட்டும். நடு மாடியான எம்.ஒய்.பி. வந்தது 1994ல். தரைத்தளமான பி.ஒய்.பி. 1997ல். அதுவும் அதே ஆட்கள் எழுதியது இல்லை. நடுக்கட்டத்தை இன்டர்நேஷனல் ஸ்கூல்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பு தனியாக உருவாக்கி வந்தது, ஐ.பி. அதை எடுத்துக்கொண்டது. சின்னப் பிள்ளைகளுக்கானதை வேறு சில இன்டர்நேஷனல் ஸ்கூல்கள் ஒன்றுகூடி எழுதிக்கொண்டிருந்தன, அதையும் பின்னால் சேர்த்துக்கொண்டது. கோடு எழுதுகிறவங்களுக்கு உடனே புரியும். மூணு டீம், மூணு காலம், மூணு நோக்கம், கடைசியில் ஒரே லோகோ. இப்படிப்பட்ட சிஸ்டத்தில் பக் எங்கே இருக்கும்? ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் தேடினால் கிடைக்காது. ஒன்று இன்னொன்றோடு ஒட்டுகிற இடத்தில் தேடணும்.

சரி, உள்ளே போவோம். மூணு கட்டத்துக்கும் பொதுவாக ஒரே பொருளை எடுத்துக்கொள்கிறேன்: தண்ணீர். இந்த யூனிட்டுகள் நானாகச் செய்துபார்த்தது, எந்த ஸ்கூலின் பாடமும் அல்ல. ஆனால் அமைப்பு இப்படித்தான்.

பி.ஒய்.பி.யில் பாடப்புத்தகத்துக்கு இடத்தில் ஆறு கருப்பொருள்கள் இருக்கின்றன. நாம் யார், இடத்திலும் காலத்திலும் நாம் எங்கே இருக்கிறோம், நம்மை எப்படி வெளிப்படுத்துகிறோம், உலகம் எப்படி இயங்குகிறது, நம்மை எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்கிறோம், இந்தப் பூமியை எப்படிப் பகிர்ந்துகொள்கிறோம். மூணு நாலு வயசுப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் குறைந்தது நாலு, வளர்ந்த பிறகு ஆறும். ஒவ்வொரு வருஷமும் இதே ஆறுதான் திரும்ப வரும். நம்ம கோயில் பிராகாரம் மாதிரி, அதே சாமியைச் சுற்றி வருவோம், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வேற எதுவோ கண்ணில் படும்.

பாப்பா வயசில் தண்ணீர் என்றால் ஒரு தொட்டி, நாலு டம்ளர், ஒரு சல்லடை, கொஞ்சம் மணல். டீச்சர் பாடம் நடத்த மாட்டாங்க. பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை என்ன கேட்குது என்று குறித்துக்கொள்வாங்க. "சல்லடைல தண்ணி ஏன் நிக்க மாட்டேங்குது?" என்று ஒரு குழந்தை கேட்டால், மறுநாள் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் துணி, பஞ்சு, ஸ்பாஞ்ச் எல்லாம் வந்து உட்காரும். அந்தக் கேள்வியிலிருந்து அடுத்த வாரம் கிளம்பும். எண்ணுவது, வார்த்தை, வரைவது எல்லாம் அந்தத் தொட்டியைச் சுற்றியே நடக்கும்.

நாங்கள் ஸ்கூலைச் சுற்றிப் பார்த்தபோது இதைத்தான் கண்ணால் பார்த்தோம். ஒரு பையன் புனலை வைத்துக்கொண்டு இருபது நிமிஷமாக ஒரே பாட்டிலை நிரப்பிக் கொட்டி நிரப்பிக் கொட்டிக்கொண்டிருந்தான். அக்கா என் காதில், "இதைத்தானே இவ வீட்ல பாத்ரூம்ல பண்றா, நான் திட்டுறேன்" என்றாள். விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். அந்த டீச்சருடைய வேலை திட்டாமல் இருப்பதும், எப்போது நடுவில் ஒரு கேள்வி போடணும் என்று தெரிந்து வைத்திருப்பதும். அதற்குப் பயிற்சி பெற்ற ஆளும், ஒரு கிளாஸுக்குக் கம்மிப் பிள்ளைகளும் வேணும். ஃபீஸில் பாதி இதற்குத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டேன், மீதி ஏ.சி.க்கு.

நாலாவது வரும்போது அதே தண்ணீர், அதே 'பூமியைப் பகிர்வது'. ஆனால் கேள்வி மாறிவிடும். நம்ம வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருது? சென்னைப் பிள்ளை என்றால் செம்பரம்பாக்கம், பூண்டி என்று ஏரிகளைத் தேடும். 2003ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு ஏன் கட்டாயமானது என்று தாத்தாவிடம் போய்க் கேட்கும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு தெருத் தெருவாக லாரி ஓடினதை அப்பா அம்மாவிடம் பேட்டி எடுக்கும். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே, அந்த உப்பு எங்கே போகுது என்று யோசிக்கும். இங்கே சமூகவியல் எது, அறிவியல் எது, கணக்கு எது என்று கோடு போட முடியாது. கோடு போடக் கூடாது என்பதுதான் பி.ஒய்.பி.யின் கொள்கை.

கடைசி வருஷம், அஞ்சாவதில், 'எக்ஸிபிஷன்' என்று ஒன்று. பிள்ளைகள் தாங்களே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, பல வாரம் விசாரித்து, எல்லோர் முன்னாலும் வைக்கணும். வெளியிலிருந்து வந்து யாரும் மார்க் போட மாட்டார்கள். பி.ஒய்.பி. முழுக்கவே ஐ.பி. நடத்துகிற பரீட்சை ஒன்றுகூடக் கிடையாது.

இதில் ஒரு விஷயத்தை அக்காவுக்கு ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அஞ்சாவது முடிக்கும்போது பின்னம் இவ்வளவு தெரிந்திருக்கணும், இத்தனை பாடம் முடிந்திருக்கணும் என்று நம்ம போர்டுகள் மாதிரி ஐ.பி. ஒரு பாடப்பட்டியலைக் கட்டாயப்படுத்துவதில்லை. வழிகாட்டி உண்டு. எதை எப்போது என்ற வரிசையை ஸ்கூல்தான் எழுதுகிறது. நல்ல ஸ்கூல் அதைக் கவனமாக எழுதி வைத்திருக்கும், கேட்டால் காட்டும். சுமாரான ஸ்கூலில் சுவர் முழுக்க சார்ட் பேப்பர் இருக்கும், பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தடுமாறும். ரெண்டு ஸ்கூலுக்கும் வாசலில் ஒரே லோகோ.

ஆறாவதிலிருந்து எம்.ஒய்.பி. இப்போது பாடங்கள் பிரியும், எட்டு தொகுப்பாக. மொழி, இன்னொரு மொழி, சமூகவியல், அறிவியல், கணக்கு, கலை, உடற்கல்வி, வடிவமைப்பு. கடைசியில் சொன்ன டிசைன் எனக்குப் பிடித்தது. பிரச்சினையை ஆராய், யோசனை எடு, செய், சோதித்துப் பார் என்று ஒரு சுழற்சி. நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் கழித்துக் கற்றுக்கொண்டதை ஏழாவது பிள்ளை செய்கிறது. வருஷத்துக்கு ஒரு யூனிட்டாவது ரெண்டு பாடத்தைச் சேர்த்து நடத்தணும் என்றும் விதி. நம்ம தண்ணீர் அங்கே வரும்: போர்வெல் தண்ணீரின் உப்பை அளந்து அறிவியல், அந்த எண்களை வரைபடமாக்கிக் கணக்கு.

எம்.ஒய்.பி.யில் மார்க் போடுகிற முறைதான் நிறையப் பெற்றோரைக் குழப்புகிறது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஏ, பி, சி, டி என்று நாலு அளவுகோல். அறிவியலில் ஒன்று விஷயம் தெரிந்திருப்பது, இன்னொன்று சோதனையைத் திட்டமிடுவது, அடுத்தது முடிவுகளை அலசுவது, கடைசியாக அந்த அறிவியல் உலகத்தில் என்ன செய்கிறது என்று யோசிப்பது. ஒவ்வொன்றுக்கும் எட்டு, மொத்தம் முப்பத்திரண்டு. அதை ஒன்றிலிருந்து ஏழு வரை கிரேடாக மாற்றுவார்கள். 28 அல்லது அதற்கு மேல் வந்தால் ஏழு, 24லிருந்து 27 என்றால் ஆறு.

இதில் சராசரி எடுப்பதில்லை. ஒரு பிள்ளை ஜூலையில் 3, நவம்பரில் 5, மார்ச்சில் 7 வாங்கினால் நம்ம மூளை உடனே அஞ்சு என்கும். எம்.ஒய்.பி. டீச்சர் எல்லாவற்றையும் பரப்பிவைத்து, இந்தப் பிள்ளை இப்போது எங்கே நிற்குது என்று கேட்பார். ஏழு என்றுகூட வரலாம். ஜூலையில் தெரியாததற்கு மார்ச்சில் தண்டனை இல்லை. ஸ்டேட் போர்டில் காலாண்டுப் பரீட்சையில் கோட்டைவிட்ட ஞாபகத்தோடு வளர்ந்தவன் நான். இதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஆனால் இங்கேயும் எந்தப் பாடப்பொருள் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஸ்கூல்தான். ஐ.பி. அளவுகோலைத் தருகிறது, அதில் எதைப் போட்டு அளப்பது என்பது டீச்சர் கையில். ரெண்டு ஸ்கூலில் பத்தாவது முடித்த ரெண்டு பிள்ளைகள், ரெண்டு பேருக்கும் அறிவியலில் ஆறு. ஒருத்திக்கு மோல் கணக்கு தண்ணீர் பட்ட பாடு, இன்னொருத்தி அதைத் தொட்டும் பார்க்காதவளாக இருக்கலாம். பத்தாவதில் ஐ.பி.யின் கம்ப்யூட்டர் வழிப் பரீட்சை இருக்கிறது. அதை ஸ்கூல் விரும்பினால் எழுதவைக்கலாம், கட்டாயம் இல்லை. கட்டாயம் என்று இருப்பது 'பர்சனல் ப்ராஜெக்ட்' மட்டும். பிள்ளை தனியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய்து அறிக்கை எழுதணும். டீச்சர் போட்ட மார்க்கை ஐ.பி. வெளியிலிருந்து சரிபார்க்கும்.

அப்புறம் பதினொன்றாவது. டிப்ளமா. மாடி.

ஆறு தொகுப்பிலிருந்து ஆறு பாடம். மூணு ஹையர் லெவல், ஒவ்வொன்றுக்கும் 240 மணி நேரப் படிப்பு. மூணு ஸ்டாண்டர்ட் லெவல், 150 மணி நேரம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஏழு மார்க், மொத்தம் 42. இதோடு அறிவு என்றால் என்ன, நமக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்கிறோம் என்று கேட்கிற 'தியரி ஆஃப் நாலெட்ஜ்', 4,000 வார்த்தை வரை போகிற ஆய்வுக் கட்டுரை. இந்த ரெண்டும் சேர்ந்து அதிகபட்சம் மூணு மார்க். ஆக 45. தேறுவதற்குக் குறைந்தது 24 வேணும், கூட வேறு சில நிபந்தனைகளும் உண்டு. விளையாட்டு, கலை, சேவை என்று 'கேஸ்' ஒன்று இருக்கிறது, அதற்கு மார்க் இல்லை, செய்யாவிட்டால் டிப்ளமாவும் இல்லை.

தண்ணீர் இங்கே கெமிஸ்ட்ரியில் ஹைட்ரஜன் பிணைப்பாக வரும். பிள்ளை தானே ஒரு சோதனை வடிவமைத்து, ரெண்டு மூணு ஏரியாத் தண்ணீரின் கடினத்தன்மையை அளந்து, 3,000 வார்த்தைக்குள் அறிக்கை எழுதலாம். அது 20 சதவீதம். மீதி 80 சதவீதம், ரெண்டு வருஷம் படித்த மொத்தத்துக்கும் கடைசியில் எழுதுகிற பரீட்சை. சிலபஸ் ஐ.பி.யுடையது, கேள்வித்தாள் ஐ.பி.யுடையது, திருத்துகிறவர் உலகத்தில் எங்கோ இருக்கிற ஆள். சல்லடையில் ஆரம்பித்த பயணம் நமக்கு ரொம்பவே பழக்கமான இடத்தில் வந்து நிற்கிறது: மே மாசம், பரீட்சை ஹால், கடிகாரம்.

அந்தப் பரீட்சை மேல் எவ்வளவு பாரம் ஏற்றி வைத்திருக்கிறது என்பது 2020ல் வெளியே தெரிந்தது. கொரோனாவால் மே பரீட்சை ரத்து. உள் மதிப்பீடு, டீச்சர் கணித்த கிரேடு, ஸ்கூலின் பழைய ரெக்கார்டு எல்லாவற்றையும் வைத்து ஒரு கணக்கு மாடல் மார்க் போட்டது. எதிர்பார்த்ததைவிடக் கம்மியாக வந்தவர்கள் பல நாடுகளில் கொதித்தார்கள், ஆகஸ்டில் ஐ.பி. மார்க்குகளை மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. மாடல் எழுதிப் பிழைக்கிற எனக்கு அதைப் படிக்கவே வயிற்றைக் கலக்கியது.

இப்போது மூணு மாடியையும் சேர்த்துப் பாருங்க. என்ன படிக்கணும் என்று தீர்மானிக்கிற அதிகாரம், கீழே ஸ்கூலுக்கும் பிள்ளைக்கும் இருந்தது, மேலே போகப் போக ஐ.பி. கைக்குப் போகிறது. இதற்கு நடுவில் ஒரே ஒரு நூல் கீழிருந்து மேல் வரை அறுபடாமல் வருகிறது: எக்ஸிபிஷன், பர்சனல் ப்ராஜெக்ட், அப்புறம் அந்த 4,000 வார்த்தைக் கட்டுரை. தன் கேள்வியைத் தானே எடுத்துத் தானே துரத்துவது. பத்து வயசில் கூட்டமாக, பதினைந்தில் தனியாக, பதினேழில் மேற்கோள், ஆதாரம் எல்லாம் வைத்து. ஐ.பி.யில் வளர்ச்சி என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். பாடப்பொருளில் அந்தத் தொடர்ச்சி தானாக வராது. ஸ்கூல் மெனக்கெட்டு உண்டாக்கணும்.

மெனக்கெடாவிட்டால் என்ன ஆகும் என்று எங்க டீம் பெண் சொன்னாள். அவள் வேறு ஊரில் படித்தவள். எம்.ஒய்.பி. முடிக்கும்போது அறிவியலில் ஆறு. சந்தோஷமாக கெமிஸ்ட்ரி ஹையர் லெவல் எடுத்தாள். முதல் டெஸ்டில் மூணு.

"எனக்கு எக்ஸ்பெரிமென்ட் டிசைன் பண்ணத் தெரியும், கிராஃப் போடத் தெரியும், பேசச் சொன்னா அரை மணி நேரம் பேசுவேன். கணக்குப் போடத்தான் வரல. பத்தாவது வரைக்கும் டைம் வச்சு மூணு மணி நேரம் எழுதினதே இல்ல" என்றாள்.

"அப்புறம் என்ன பண்ணின?"

"எல்லாரும் பண்றதுதான். ட்யூஷன்."

கடைசியில் அவள் நன்றாகவே முடித்தாள். அந்த 4,000 வார்த்தைக் கட்டுரை எழுதினது பிறகு காலேஜில் கை கொடுத்தது என்றும் சொன்னாள். ஆனால் ப்ளஸ் ஒன்னின் முதல் ஆறு மாசம், தான் முட்டாளோ என்று நினைத்துக்கொண்டே ஓடியது என்று சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது. இந்த ஒட்டுகிற இடம் தெரிந்துதான், நம்ம நாட்டில் நிறைய ஸ்கூல்கள் ஒன்பது, பத்தாவதுக்கு மட்டும் கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ.யை வைத்துவிட்டு, ப்ளஸ் ஒன்னில் மறுபடி ஐ.பி.க்கு வருகிறார்கள். சிலபஸும் வெளிப் பரீட்சையும் இருப்பதால் பத்தாவதுக்குக் கையில் ஒரு மார்க் ஷீட்டும் கிடைக்கும்.

இந்தியாவிலேயே காலேஜ் படிக்கப்போகிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. ஐ.பி. டிப்ளமாவை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ப்ளஸ் டூவுக்குச் சமமாக ஏற்கிறது, அதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை அந்த ஆறு தொகுப்பில். மொழி ரெண்டு, சமூகவியல் ஒன்று, அறிவியல் ஒன்று, கணக்கு ஒன்று, ஆறாவது கலை. கலை வேண்டாம் என்றால் அந்த இடத்தில் இன்னொரு அறிவியல் எடுக்கலாம். அதாவது சாதாரணமாக ரெண்டு அறிவியல்தான் முடியும். இன்ஜினியரிங்குக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் அமைந்துவிடும். டாக்டராகணும் என்றால் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூணும் வேணுமே? அதற்கு ஸ்கூல் மூலமாகத் தனி அனுமதி கேட்டு வழக்கமில்லாத டிப்ளமாவாக எடுக்கணும். இதைப் பதினொன்றாவது சேர்ந்த பிறகு கண்டுபிடித்தால் போச்சு. ஜே.இ.இ., நீட் ரெண்டும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைச் சுற்றி ஓடுகிற பரீட்சைகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்க. ஐ.பி. படித்துக்கொண்டே அதற்கும் தயாராவது ரெண்டு முழுநேர வேலை பார்க்கிற மாதிரி. அதோடு மே பரீட்சை ரிசல்ட் ஜூலை முதல் வாரத்தில்தான் வரும். நம்ம அட்மிஷன்கள் எல்லாம் அதுவரை காத்திருக்காது.

இதையெல்லாம் அக்காவிடமும் மாமாவிடமும் ஒரு ராத்திரி உட்கார்ந்து சொன்னேன். மாமா பேங்க்கில் இருக்கிறார், மாற்றல் வருகிற வேலை. அவர் கேட்டது ஒரே கேள்வி: "மாப்ள, நடுவுல முடியாமப் போச்சுன்னா எப்போ வெளிய எடுக்கலாம்?"

எனக்கு அதுதான் சரியான கேள்வி என்று பட்டது. பதினைந்து வருஷ ஃபீஸைக் கட்ட முடியுமா என்பது இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அஞ்சாவது முடித்து சி.பி.எஸ்.இ.க்கோ ஸ்டேட் போர்டுக்கோ மாறுவது பெரிய விபத்து இல்லை. கணக்கிலும் எழுத்திலும் சில மாசம் பிடித்து இழுத்தால் பிள்ளை வந்துவிடும். எட்டாவது, ஒன்பதாவதில் எடுப்பதுதான் கஷ்டம். அந்த வயசில் நம்ம போர்டுகள் பாடத்தை அடுக்கிக்கொண்டே போகும், எம்.ஒய்.பி. பிள்ளை வேறு வரிசையில் வந்திருக்கும். பத்தாவதில் எடுக்கிறதாக இருந்தால் ஸ்கூல் என்ன சர்ட்டிஃபிகேட் தரும், அதை இங்கே ஏற்பார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைக்கணும். பதினொன்றாவதில் ஏறிவிட்டால் இறங்கக் கூடாது.

நான் சொல்வது ஒருபக்கமாகப் போகிறதோ என்று சந்தேகம் வந்து, என் கருத்தையும் சொல்லிவிட்டேன். பணம் கைக்குள் இருந்தால், மூணிலிருந்து பத்து வயசு வரை பி.ஒய்.பி. நன்றாக நடக்கிற ஒரு இடம் பிள்ளைக்கு அருமையான இடம். நான் பத்து வயசில் ஒரு கேள்விகூடக் கேட்டதாக ஞாபகம் இல்லை. கேட்டால், "அது பரீட்சைக்கு வராது, உக்காரு" என்பார்கள். ஆனால் பிரௌஷரில் இருக்கிற முழுப் படிக்கட்டையும் இன்றைக்கே வாங்க வேண்டியதில்லை. கடன் வாங்கியாவது சேர்க்கணுமா என்றால், என் பதில் வேண்டாம். ஐ.பி.யின் பெயருக்காகக் கொடுக்கிற பணத்தில், அந்த டீச்சர் யார், எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார் என்பதைத்தான் நீங்கள் உண்மையில் வாங்குகிறீர்கள்.

அக்கா மறுநாளே ஸ்கூலுக்கு மெயில் போட்டாள். அஞ்சாவது வரைக்கும் கணக்குக்கும் மொழிக்கும் நீங்கள் எழுதி வைத்திருக்கிற வரிசையைப் பார்க்கலாமா? பத்தாவதில் கம்ப்யூட்டர் பரீட்சை எழுத வைக்கிறீர்களா? எம்.ஒய்.பி. முடித்த பிள்ளைகள் டிப்ளமாவில் ஹையர் லெவல் கணக்கு, அறிவியல் எடுத்தால் முதல் ஆறு மாசத்துக்கு என்ன ஏற்பாடு? நர்சரி டீச்சர்கள் சராசரியாக எத்தனை வருஷம் தங்குகிறார்கள்?

மூணு நாளில் பதில் வந்தது. முதல் கேள்விக்கு ஒரு பி.டி.எஃப். இணைத்திருந்தார்கள், நாற்பது பக்கம், உண்மையிலேயே நன்றாக இருந்தது. ரெண்டாவதுக்கு ஆமாம். மூணாவதுக்கு ப்ளஸ் ஒன்னுக்கு முன்னால் நாலு வார வகுப்பு இருக்கிறதாம். நாலாவது கேள்விக்கு மட்டும், "நேரில் வாங்க மேடம், பேசலாம்" என்று இருந்தது.

சனிக்கிழமை போகிறோம். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு. அந்தப் புனல் இருக்கிற தொட்டிப் பக்கம் போய்விட்டால் திரும்ப வர மாட்டாள் என்று இப்போதே பயமாக இருக்கிறது. என்ன ஆச்சு என்று அடுத்த எபிசோட் ஆரம்பத்தில் சொல்கிறேன். உங்களில் யாராவது எம்.ஒய்.பி.யிலிருந்து நம்ம போர்டுக்கு மாறினவங்க இருந்தா எழுதுங்க, படிக்கிறேன்.